எலியட் அலைகள்: பங்குக் குறியீட்டிலிருந்து ஆரணித் தறி வரை

பங்குச் சந்தைக் குறியீட்டெண்ணின் ஏற்ற இறக்கங்களை அலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, அடுத்த நகர்வின் திசையையும் தூரத்தையும் கணிக்கும் முறையே எலியட் அலைப் பகுப்பாய்வு. அமெரிக்கக் கணக்காளர் ரால்ஃப் நெல்சன் எலியட் 1930-களில் இதை உருவாக்கினார். வாங்குவோரும் விற்போரும் சேர்ந்த பெருங்கூட்டத்தின் மனநிலை நம்பிக்கைக்கும் அச்சத்துக்கும் இடையே ஓர் ஒழுங்கோடு மாறுகிறது. அந்த ஒழுங்கே வரைபடத்தில் அலைகளாகப் பதிகிறது. செய்திகள் அதன் போக்கை மாற்றுவதில்லை என்பது இம்முறையின் அடிப்படைக் கருத்து. இந்தியாவில் இது பரவுவதற்கு நம்பகமான, இடைவிடாத குறியீட்டெண் ஒன்று வேண்டியிருந்தது. 1986-ல் சென்செக்ஸ் வந்த பிறகே அது கிடைத்தது. இன்று பங்கு, தங்கம், வெள்ளி என்று வரைபடம் உள்ள எல்லாவற்றின் மீதும் அலை எண்ணப்படுகிறது. எனவே இம்முறை எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்ற கேள்வி மும்பைத் தரகரோடு நிற்பதில்லை. ஜரிகையும் பட்டு நூலும் விலை கொடுத்து வாங்கும் ஆரணி போன்ற நெசவு ஊர்களையும் அது தொடுகிறது.

எலியட்டுக்கு முன்

பல பங்குகளின் விலையை ஒரே எண்ணாகச் சுருக்கும் வழக்கத்தை நியூயார்க்கில் பரப்பியவர் பத்திரிகையாளர் சார்லஸ் டவ். 1884-ல் முதல் சராசரியைக் கணக்கிட்டு வெளியிட்ட அவர், 1896-ல் தொழில் நிறுவனங்களுக்கான டவ் ஜோன்ஸ் சராசரியைத் தொடங்கினார். சந்தையில் நீண்ட காலப் பெரும்போக்கு, அதற்கு எதிரான சில வார இறக்கம், அன்றாடச் சலனம் என மூன்று அடுக்குகள் உண்டு என்ற அவருடைய பார்வை, 1902-ல் அவர் இறந்த பிறகு வில்லியம் பீட்டர் ஹாமில்டன், ராபர்ட் ரியா ஆகியோரின் எழுத்துகளால் டவ் கோட்பாடு என்ற பெயரில் நிலைத்தது. எலியட் தொடங்கியது இந்த இடத்திலிருந்துதான். ரியாவின் சந்தைக் கடிதங்களை அவர் தொடர்ந்து படித்துவந்தார்.

கணிப்பு முறைகள் மீதான ஐயமும் அதே காலத்தில் பிறந்தது. 1929 சரிவை முன்கூட்டிச் சொல்லத் தவறிய நிபுணர்களைப் பார்த்த ஆல்ஃபிரட் கௌல்ஸ், பல ஆண்டுக் கணிப்புகளைத் திரட்டி ஆராய்ந்தார். பங்குச் சந்தைக் கணிப்பாளர்களால் உண்மையில் கணிக்க முடிகிறதா என்று தலைப்பிலேயே கேட்ட அவருடைய கட்டுரை 1933-ல் வெளிவந்தது. குருட்டாம்போக்கில் எடுத்த முடிவுகளைவிட நிபுணர்களின் முடிவுகள் மேலானவை என்பதற்குச் சான்று இல்லை என்று அவர் கண்டார். எலியட் தன் ஆய்வில் மூழ்கியிருந்த ஆண்டுகளிலேயே அதற்கு எதிரான வலுவான வாதமும் அச்சில் இருந்தது.

கணக்காளர் கண்ட ஒழுங்கு

1871-ல் கன்சாஸ் மாநிலத்தின் மேரிஸ்வில் ஊரில் பிறந்த எலியட், வாழ்நாளின் பெரும்பகுதியை ரயில்வே நிறுவனங்களின் கணக்கு வழக்குகளில் கழித்தவர். மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்க நாடுகளிலும் பணியாற்றினார். 1924-ல் அமெரிக்க வெளியுறவுத் துறை அவரை நிகரகுவா நாட்டின் தலைமைக் கணக்காளராக நியமித்தது. அந்தப் பகுதியில் வாழ்ந்தபோது தொற்றிய குடல் நோய் அவரை ஓய்வுக்குத் தள்ளியது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில், அறுபது வயதை நெருங்கியவர், சுமார் 75 ஆண்டுக் குறியீட்டுத் தரவுகளை எடுத்துவைத்துக்கொண்டு ஆண்டு, மாதம், வாரம், நாள், மணி, அரைமணி என்று ஒவ்வோர் அளவிலும் வரைபடம் போட்டுப் பார்த்தார். சிறிய அளவில் தெரிந்த வடிவமே பெரிய அளவிலும் திரும்ப வருவதைக் கண்டதாக அவர் கருதினார்.

1934 இறுதியில் டெட்ராய்ட் நகர முதலீட்டு ஆலோசகர் சார்லஸ் காலின்ஸுக்குத் தன் கண்டுபிடிப்பைப் பற்றி எழுதினார். 1935 மார்ச் 13 அன்று, சரிவு தன் இறுதி அடியைத் தொடுகிறது என்று அவருக்குத் தந்தி அனுப்பினார். அடுத்த சில நாள்களுக்குள் டவ் ஜோன்ஸ் சராசரி அந்த ஆண்டின் அடிமட்டத்தைத் தொட்டுத் திரும்பியது. நீண்ட ஏற்றம் தொடங்கியது. காலின்ஸின் துணையோடு ‘அலைக் கோட்பாடு’ என்ற நூல் 1938-ல் வந்தது. 1939-ல் ‘ஃபைனான்சியல் வேர்ல்டு’ இதழ் அவருடைய பன்னிரண்டு கட்டுரைகளை வெளியிட்டது. 1946-ல் வந்த ‘இயற்கையின் விதி’ என்ற நூலில் அவர் தன் கோட்பாட்டைச் சந்தைக்கு அப்பாலும் நீட்டி, மனிதச் செயல்கள் அனைத்தையும் ஆளும் ஒழுங்காகவே முன்வைத்தார். 1948 ஜனவரியில் இறந்தார்.

வடிவமும் விதிகளும்

எலியட் சொன்ன முழுச் சுற்றில் எட்டு அலைகள் உண்டு. போக்கின் திசையில் ஐந்து. அதற்கு எதிராக மூன்று. ஐந்தில் 1, 3, 5 ஆகியவை முன்னோக்கிச் செல்பவை. 2, 4 ஆகியவை இடையில் வரும் பின்வாங்கல்கள். ஐந்தும் முடிந்த பின் வரும் மூன்று அலைத் திருத்தத்துக்கு ஏ, பி, சி என்று பெயரிடுவது வழக்கம். ஒவ்வோர் அலையும் தனக்குள் சிறிய அலைகளைக் கொண்டது. தானே ஒரு பெரிய அலையின் பகுதியாகவும் இருக்கும். நூற்றாண்டுகளுக்கு நீளும் அலையிலிருந்து சில மணி நேரத்தில் முடியும் அலை வரை ஒன்பது படிநிலைகளுக்கு எலியட் பெயர் வைத்தார்.

மீறக்கூடாத விதிகள் மூன்று. இரண்டாம் அலை முதல் அலையின் தொடக்கத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. முன்னோக்கிச் செல்லும் மூன்று அலைகளில் மூன்றாவது மிகக் குட்டையாக இருக்கக் கூடாது. நான்காம் அலை முதல் அலையின் எல்லைக்குள் புகக் கூடாது. முக்கோணச் சாய்வாக அமையும் அரிய வடிவத்துக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. எண்ணிக்கை இவற்றில் ஒன்றை மீறினால் அந்த எண்ணிக்கை தவறு. எல்லா அலைகளையும் புதிதாக எண்ண வேண்டும். விதிகளோடு சில வழிகாட்டுதல்களும் உண்டு. இரண்டாம் அலை செங்குத்தாக விழுந்திருந்தால் நான்காம் அலை பக்கவாட்டில் இழுபடும் என்பது ஒன்று. முழு ஏற்றத்துக்குப் பின் வரும் திருத்தம் முந்தைய நான்காம் அலையின் எல்லைக்குள் வந்து நிற்கும் என்பது இன்னொன்று. வழிகாட்டுதல்கள் தவறலாம். விதிகளுக்கும் வழிகாட்டுதல்களுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை மறப்பதே வரைபடம் பார்ப்போர் செய்யும் முதல் பிழை.

தூரத்தைக் கணிக்க ஓர் எண் வரிசை பயன்படுகிறது: 1, 2, 3, 5, 8, 13, 21, 34. முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும். இத்தாலியக் கணிதர் ஃபிபோனாச்சி 1202-ல் எழுதிய நூலால் இது அவர் பெயரைப் பெற்றது. காலின்ஸ்தான் இதை எலியட்டின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். இந்திய யாப்பியலாளர்களுக்கு இந்த வரிசை அதற்கு முன்பே தெரியும். விரகாங்கர் இதை விளக்கினார். 12-ஆம் நூற்றாண்டில் கோபாலரும், சுமார் 1150-ல் குஜராத்தின் சமண அறிஞர் ஹேமச்சந்திரரும் எழுதினர். அவர்கள் கேட்ட கேள்வியைத் தமிழ் யாப்பின் அளவைக் கொண்டே சொல்லலாம்: குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்றால், மூன்று மாத்திரையை எத்தனை விதமாக நிரப்பலாம்? மூன்று விதம். நான்கு மாத்திரைக்கு ஐந்து விதம், ஐந்துக்கு எட்டு. அடுத்தடுத்த எண்களை வகுத்துக்கொண்டே போனால் 0.618 என்ற விகிதம் நெருங்கி வரும். அதிலிருந்துதான் 38.2, 61.8 என்ற விழுக்காட்டுக் கோடுகளை இன்றைய வரைபட மென்பொருள்கள் போடுகின்றன. அவற்றோடு சேர்த்து எல்லோரும் போடும் 50 விழுக்காட்டுக் கோடு இந்த விகிதத்திலிருந்து பிறந்ததில்லை. டவ் காலத்திலிருந்தே சந்தையில் புழங்கும் பட்டறிவு அது.

மறதியும் மீட்பும்

எலியட் மறைந்த பிறகு அவருடைய முறை ஏறக்குறைய மறக்கப்பட்டது. மாண்ட்ரியல் நகரில் ‘பேங்க் கிரெடிட் அனலிஸ்ட்’ வெளியீட்டை நடத்திய ஹாமில்டன் போல்டன் 1953 முதல் அதற்கு அலைக் கணிப்பு இணைப்புகளை வெளியிட்டு எலியட் முறையைக் காப்பாற்றினார். அவருடைய தோழர் ஏ. ஜே. ஃப்ராஸ்டும் மெரில் லிஞ்ச் நிறுவனத்தில் சந்தை ஆய்வாளராக இருந்த ராபர்ட் பிரெக்டரும் சேர்ந்து எழுதிய ‘எலியட் அலைக் கோட்பாடு’ 1978-ல் வந்தது. பணவீக்கத்தால் அமெரிக்கச் சந்தை சோர்ந்து கிடந்த நேரத்தில் பெரும் காளைச் சந்தை வரும் என்று அந்நூல் சொன்னது. 1982-ல் அது தொடங்கியது. 1984-ல் கண்காணிக்கப்பட்ட வர்த்தகப் போட்டி ஒன்றில் பிரெக்டர் 444 விழுக்காடு லாபம் காட்டினார். உலகெங்கும் அலை எண்ணும் பழக்கம் பரவியது இந்தப் புகழால்தான்.

அதே பிரெக்டர் 1995-லும் 2002-லும் வெளியிட்ட நூல்களில் மாபெரும் சரிவை எதிர்பார்த்தார். டவ் ஜோன்ஸ் 1999-ல் 10,000-ஐக் கடந்தது. 2008 நெருக்கடியில் பாதிக்கு மேல் விழுந்தும் அவர் எதிர்பார்த்த ஆழத்துக்குப் போகவில்லை. ஒரே மனிதர், ஒரே முறை, இரு வேறு விளைவுகள். இது அவருடைய திறமைக் குறைவு என்று தள்ளிவிட முடியாது. முறையின் இயல்பே இப்படித்தான்.

இந்தியாவில் குறியீட்டெண் வந்த கதை

மும்பையில் ஆலமர நிழலில் கூடிய தரகர்கள் 1875-ல் சங்கம் அமைத்தார்கள். சென்னையில் 1920-ல் தொடங்கிய பங்குச் சந்தை சில ஆண்டுகளிலேயே உறுப்பினர் குறைந்து மூடப்பட்டது. 1937-ல் மீண்டும் எழுந்தது. கடற்கரைக்கு இணையான இரண்டாவது தெருவில் இயங்கிய அந்தச் சந்தை, தென்னிந்திய ஆலைகள், தோட்ட நிறுவனங்கள், பொறியியல் நிறுவனங்களின் பங்குகளுக்குப் பல பத்தாண்டுகள் களமாக இருந்தது. கோவையிலும் 1991-ல் ஒரு பங்குச் சந்தை உருவானது. குறியீட்டெண் வருவதற்கு முன் வரைபடம் போட விரும்பியவர் நாளிதழில் வரும் முடிவு விலைகளைக் கத்தரித்து, கட்டக் காகிதத்தில் கையால் புள்ளி வைத்துக் கோடு இழுக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் வரைபடம் கிடைக்கும். மொத்தச் சந்தையின் மனநிலையைக் காட்டும் வரைபடம் எளிதில் கிடைக்காது. எலியட்டின் முறையோ தனிப் பங்குகளைவிட மொத்தச் சராசரிக்கே ஏற்றது. ஒரு நிறுவனத்தை அதன் முதலாளியோ தொழிலாளர் பிரச்சினையோ அசைக்கலாம்; பல நிறுவனங்களின் சராசரியில்தான் கூட்டத்தின் மனநிலை வெளிப்படும் என்பது அவர் வாதம்.

1986 ஜனவரியில் மும்பைப் பங்குச் சந்தை 30 பங்குகளைக் கொண்ட குறியீட்டெண்ணை வெளியிடத் தொடங்கியது. 1978-79-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு அதன் மதிப்பு 100 என்று வைக்கப்பட்டது. இதனால் பின்னோக்கியும் தரவு கிடைத்தது. 1979 முதலான வரைபடம் ஆய்வாளர்களின் கைக்கு வந்தது. சென்செக்ஸ் என்ற பெயரை 1989-ல் உருவாக்கியவர் தீபக் மோகோனி. அவரே ஒரு வரைபட ஆய்வாளர். 1994 நவம்பரில் தேசியப் பங்குச் சந்தை கணினி வழிப் பங்கு வர்த்தகத்தைத் தொடங்கியது. 1996 ஏப்ரலில் 50 பங்குகள் கொண்ட நிஃப்டி வெளியானது. 1995 நவம்பர் 3-ஆம் தேதி மதிப்பு 1,000 என்பது அதன் அடிப்படை. ஒவ்வொரு பரிமாற்றமும் பதிவானதால் மணிக்கணக்கு, நிமிடக்கணக்கு வரைபடங்கள் சாத்தியமாயின. எலியட் நோய்ப்படுக்கையில் கையால் வரைந்த அரைமணி வரைபடத்தை எந்த ஊரிலிருந்தும் திரையில் பார்க்க முடிந்தது. வட்டாரச் சந்தைகளுக்கு இதனால் வேலையில்லாமல் போனது. கோவைச் சந்தை 2013-லும் சென்னைச் சந்தை 2015-லும் முறைப்படி விலகின. சென்னையிலிருந்து 1994-ல் தொடங்கிய ‘பிசினஸ்லைன்’ நாளிதழும் பின்னர் ‘நாணயம் விகடன்’ போன்ற தமிழ் இதழ்களும் வரைபடம் பார்க்கும் பழக்கத்தைத் தமிழ் வாசகர்களிடம் கொண்டுசேர்த்தன.

முதல் பெரும் சோதனை 1992-ல் வந்தது. 1990 ஜூலையில் முதன்முறையாக 1,000-ஐத் தொட்ட சென்செக்ஸ், 1992 ஏப்ரல் 22 அன்று 4,467 வரை போனது. மறுநாள் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் வங்கிப் பண முறைகேடு நாளிதழில் வெளியானது. ஏப்ரல் 28 அன்று ஒரே நாளில் குறியீடு 12 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. உற்சாகம் வெறியாகி அச்சமாக மாறிய அந்த வடிவம் எலியட்டின் வருணனையோடு ஒத்துப்போகிறது. ஆனால் அந்த ஏற்றத்துக்கு எரிபொருளாக இருந்தது வங்கிகளிலிருந்து முறைகேடாக வந்த பணம். அதை எந்த வரைபடமும் காட்டவில்லை. ஓர் இதழாளரின் விசாரணையே வெளிக்கொண்டுவந்தது.

2003–2008: பாடப்புத்தகம் போன்ற ஐந்தலை

இந்தியக் குறியீடுகளின் வரலாற்றில் எலியட் முறைக்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு நிஃப்டியின் 2003–2008 ஏற்றம். 2003 ஏப்ரலில் சுமார் 920-இல் தொடங்கி 2004 ஜனவரியில் 2,015 வரை ஏறியது முதல் அலை. 2004 மே 17 அன்று, தேர்தல் முடிவுக்குப் பின்னான பீதியில், நாளுக்குள் 1,292 வரை விழுந்தது இரண்டாம் அலை. 2006 மே மாதத்தில் 3,774 வரை போனது மூன்றாம் அலை. அதே ஆண்டு ஜூனில் 2,596 வரை இறங்கியது நான்காம் அலை. 2008 ஜனவரி 8 அன்று 6,357-ஐத் தொட்டது ஐந்தாம் அலை.

மூன்று விதிகளையும் வைத்துப் பார்க்கலாம். இரண்டாம் அலையின் அடி 1,292. அது முதல் அலையின் தொடக்கமான 920-க்குக் கீழே போகவில்லை. முதல் அலையின் நீளம் 1,095 புள்ளி, மூன்றாவது 2,482, ஐந்தாவது 3,761. மூன்றாவது மிகக் குட்டையானதில்லை. நான்காம் அலையின் அடி 2,596. முதல் அலையின் உச்சமான 2,015-ஐத் தொடவில்லை. மூன்று விதிகளும் நிறைவேறின.

விகிதங்களைப் பார்த்தால் படம் இவ்வளவு சுத்தமாக இல்லை. இரண்டாம் அலை முதல் அலையின் 66 விழுக்காட்டைத் திருப்பிக் கொடுத்தது, 61.8-க்கு ஓரளவு அருகில் என்று சொல்லலாம். நான்காம் அலை மூன்றாவதின் 47.5 விழுக்காட்டைத் திருப்பியது. மூன்றாம் அலை முதலாவதைப் போல 2.27 மடங்கு, ஐந்தாவது மூன்றாவதைப் போல 1.52 மடங்கு. புத்தகம் எதிர்பார்க்கும் 1.618, 2.618 ஆகியவற்றில் எதுவும் வரவில்லை.

உச்சத்துக்குப் பிறகுதான் கணிப்பின் உண்மையான சோதனை. 920-லிருந்து 6,357 வரையிலான ஏற்றத்தில் 61.8 விழுக்காடு திரும்பினால் நிஃப்டி ஏறத்தாழ 2,997-இல் நிற்க வேண்டும். நான்காம் அலையின் எல்லைக்குள் நிற்கும் என்ற வழிகாட்டுதல்படி 2,596-க்குக் கீழே போகக் கூடாது. லேமன் பிரதர்ஸ் வங்கி வீழ்ந்த பின், 2008 அக்டோபர் 27 அன்று நிஃப்டி 2,253 வரை சரிந்தது. ஏற்றத்தில் 75 விழுக்காட்டுக்கு மேல் திரும்பிவிட்டது. 61.8 கோட்டை நம்பி 3,000-க்கு அருகில் வாங்கியவர் மேலும் கால் பங்கு இழப்பைத் தாங்க வேண்டியிருந்தது. ஐந்து அலைகள் முடிந்தால் பெரிய திருத்தம் வரும் என்று எச்சரித்ததில் முறை வென்றது; எங்கே நிற்கும் என்று சொன்னதில் தோற்றது.

இரு எண்ணிக்கைகளின் சிக்கல்

மத்தியில் நிலையான ஆட்சி உறுதியானதும், 2009 மே 18 அன்று சந்தை உச்சவரம்பைத் தொட்டு வர்த்தகம் நிறுத்தப்பட்டது. 2010 நவம்பரில் நிஃப்டி 6,338 வரை ஏறியது. பழைய உச்சத்துக்குச் சில புள்ளிகள் குறைவு. அந்த நாளில் அலை எண்ணியவர் முன் இரண்டு விடைகள் இருந்தன. இது திருத்தத்தின் நடுவில் வரும் பி அலை. அடுத்து சி அலை 2,253-க்கும் கீழே இழுக்கும் என்பது ஒன்று. புதிய ஐந்தலை ஏற்றம் தொடங்கிவிட்டது என்பது மற்றொன்று. இரண்டும் விதிகளுக்கு உட்பட்டவை. இரண்டும் சொல்லும் திசைகள் நேர் எதிரானவை. 2011 டிசம்பரில் 4,531 வரை இறங்கிய குறியீடு அங்கிருந்து திரும்பி, பிறகு 2,253 பக்கமே போகவில்லை. எந்த எண்ணிக்கை சரி என்று உறுதியாகத் தெரிவதற்குள் பல ஆண்டுகள் கடந்துவிட்டன.

பத்தாண்டுக்குப் பிறகு கொரோனாச் சரிவு வேறொரு விடையைத் தந்தது. 2,253-லிருந்து 2020 ஜனவரியின் 12,430 வரையிலான ஏற்றத்தில் பாதி திரும்பினால் சுமார் 7,342 வரும். மார்ச் 24 அன்று நிஃப்டி 7,511-ஐத் தொட்டுத் திரும்பியது, 48 விழுக்காடு. 2008-ல் 61.8 கோடு தவறியது; 2020-ல் 50 விழுக்காட்டுக் கோடு ஏறத்தாழப் பொருந்தியது. ஆனால் 38.2, 50, 61.8 என்று மூன்று கோடுகள் போட்டால் ஏதேனும் ஒன்றின் அருகே விலை திரும்புவது அரிதான செயலில்லை. இந்த நெகிழ்வையே அறிவியலாளர்கள் சுட்டிக்காட்டினர். சிறு வடிவமே பெரு வடிவமாகத் திரும்புவதை ஃப்ராக்டல் கணிதமாக வளர்த்த பெனுவா மாண்டல்பிராட், எலியட் முறையில் எண்களின் தீர்ப்பைவிட வரைபவரின் சொந்தத் தீர்ப்பே மேலோங்குகிறது என்று கருதினார். இருவர் ஒரே வரைபடத்தை எண்ணி வெவ்வேறு விடைக்கு வர முடியும் என்றால், அந்த முறையைப் பொய்ப்பித்துக் காட்ட வழியில்லை. இது அதன் மீதான மிக ஆழமான குறை.

ஆரணியின் மூன்று விலைகள்

அலை முறைக்கு ஏற்ற விலை எது, ஏற்காத விலை எது என்று பார்க்கத் திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி நல்ல இடம். கமண்டல நாகநதிக் கரையில், காஞ்சிபுரத்துக்குத் தென்மேற்கே உள்ள இவ்வூர், மராத்திய ஜாகீர்தார்களின் கோட்டையூராக இருந்தது. ஆங்கிலேயத் தளபதிகளான கிளைவ் 1751-லும் அயர் கூட் 1782-லும் போரிட்ட களம். 19-ஆம் நூற்றாண்டில் ஆரணியின் மென்மையான மஸ்லின் துணிக்குத் தனிப் பெயர் இருந்தது. பின்னர் பட்டுச் சேலையே ஊரின் அடையாளமானது. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. ஊருக்குள்ளும் சேவூர், தேவிகாபுரம் போன்ற சுற்று ஊர்களிலும் வீட்டுத் தறிகளில் நெசவு நடக்கிறது. முதலாளியோ கூட்டுறவுச் சங்கமோ பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுக்க, நெசவாளர் சேலைக்கு இவ்வளவு என்று கூலி பெறுவது வழக்கமான ஏற்பாடு. நூல் விலை ஏறினால் நட்டம் முதலில் முதலாளியைச் சேரும். அவர் பாவு கொடுப்பதைக் குறைக்கும்போது நெசவாளரின் கூலி நிற்கும். ஆகவே விலைக் கணிப்பு இங்கே பொழுதுபோக்கில்லை, பிழைப்பு சார்ந்த விஷயம்.

முதல் விலை பட்டு நூலுடையது. நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்தும் சீனாவிலிருந்தும் வருகிறது. ராமநகரம் போன்ற பட்டுக்கூட்டுச் சந்தைகளுக்கு எவ்வளவு கூடு வருகிறது, மழையும் முசுக்கொட்டை விளைச்சலும் எப்படி, சீனா என்ன விலைக்கு ஏற்றுமதி செய்கிறது, டெல்லி என்ன சுங்கம் விதிக்கிறது என்பவை அதை நிர்ணயிக்கின்றன. 2003-ல் சீனப் பட்டு நூலுக்குப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி வந்தது. 2011 பட்ஜெட் இறக்குமதி வரியை 30 விழுக்காட்டிலிருந்து 5-ஆகக் குறைத்தது. 2013-ல் அது 15-ஆக உயர்ந்தது. இத்தகைய விலையில் அலை எண்ணுவது பொருளற்றது. லட்சக்கணக்கானோர் நொடிக்கு நொடி வாங்கி விற்கும் கூட்டம் அங்கே இல்லை. தரத்துக்குத் தரம் விலை மாறுவதால் ஒரே தொடரும் இல்லை. ஓர் அரசாணையில் போக்கு மாறிவிடும்.

இரண்டாவது ஜரிகையின் விலை. சூரத்திலிருந்தும், காஞ்சிபுரத்தில் அரசு நடத்தும் தமிழ்நாடு ஜரிகை ஆலையிலிருந்தும் வரும் அசல் ஜரிகை, பட்டு இழையில் சுற்றிய வெள்ளிக் கம்பிக்குப் பொன் முலாம் பூசியது. எனவே உலக உலோகச் சந்தை நேரே தறிக்கு வருகிறது. இங்கே கூட்டம் உண்டு. எலியட் முறையினர் தங்கத்தையும் வெள்ளியையும் விரும்பி எண்ணுவதும் அதனால்தான். 1999-ல் அவுன்ஸ் சுமார் 252 டாலராக இருந்த தங்கம் 2011 செப்டம்பரில் 1,920 டாலரை ஒட்டிப் போனது. 2015 டிசம்பரில் 1,046 வரை இறங்கியது. ஏற்றத்தில் பாதிக்குச் சற்று அதிகம் திரும்பியிருந்தது. வெள்ளி 1980-லும் 2011-லும் 50 டாலரை ஒட்டி உச்சம் தொட்டு விழுந்தது. 2025 அக்டோபரில்தான் அந்த வரம்பைத் தாண்டியது. ஆனால் உள்நாட்டு விலையின் வரைபடம் உலக விலையின் வரைபடமாகாது. தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரை நீடித்தது. பண்டச் சந்தையில் தேசிய அளவிலான தங்க முன்பேரம் 2003-ல்தான் வந்தது. ரூபாய் மதிப்பும் சுங்கமும் நடுவில் நிற்கின்றன. 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் தங்கம், வெள்ளி இறக்குமதி வரி 15 விழுக்காட்டிலிருந்து 6-ஆகக் குறைந்தபோது, உலகச் சந்தையில் அதற்கு நிகரான இறக்கம் இல்லாமலே உள்நாட்டு விலை ஒரே நாளில் சரிந்தது.

மூன்றாவது, சேமிப்பாகப் போடும் பங்கின் விலை. மூன்றிலும் எலியட் முறைக்கு மிகவும் ஏற்றது குறியீட்டெண்தான். கோடிக்கணக்கானோர் பங்கேற்பு, சீரான அளவு, இடைவிடாத பதிவு மூன்றும் அதற்கு உண்டு. ஆகவே பங்குக் குறியீட்டில் பழகிய கையோடு நூல் கொள்முதலுக்கும் அலை எண்ணப் புறப்படும் வணிகர் முறையைத் தவறான இடத்தில் பயன்படுத்துகிறார். நூலுக்குக் கூடு வரத்தும் சுங்க அறிவிப்பும், ஜரிகைக்கு உலக உலோக விலையோடு டாலர் மதிப்பும் வரியும் பார்க்க வேண்டியவை.

கணிப்பிலிருந்து பந்தயத்துக்கு

2000 ஜூனில் குறியீட்டு முன்பேர ஒப்பந்தங்களும் 2001-ல் குறியீட்டு ஆப்ஷன்களும் இந்தியாவில் அறிமுகமாயின. நிஃப்டி எங்கே போகும் என்ற கணிப்பைச் சிறு தொகையில் பந்தயமாக்க இவை வழி செய்தன. 2020 மார்ச்சில் சுமார் 4 கோடியாக இருந்த டீமேட் கணக்குகள் 2024 இறுதியில் 18 கோடியைத் தாண்டின. கைப்பேசித் திரையில் அலை எண்களைத் தானே போடும் மென்பொருள்களும் வந்தன. 2024 செப்டம்பரில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான செபி வெளியிட்ட ஆய்வு, முந்தைய மூன்று நிதியாண்டுகளில் முன்பேரத்திலும் ஆப்ஷன்களிலும் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்ததாகவும், மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியதாகவும் கண்டது. அதே ஆண்டு நவம்பரில் ஒப்பந்தங்களின் குறைந்தபட்ச மதிப்பு 15 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. கட்டணம் பெற்றுப் பங்குப் பரிந்துரை தருவோர், அது வரைபடத்தின் அடிப்படையில் அமைந்தாலும், செபியிடம் பதிவு பெற வேண்டும் என்ற விதி 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு எலியட்டின் முறையில் நிலைத்த பயன் ஒன்று உண்டு. அதன் மூன்று விதிகள் கணிப்பவருக்குத் தன் எண்ணம் எந்த விலையில் தவறாகிறது என்று முன்கூட்டியே சொல்கின்றன. முதல் அலையின் தொடக்கத்துக்குக் கீழே விலை போனால் இரண்டாம் அலை என்ற எண்ணம் முடிந்தது. அங்கேயே நட்டத்தை வெட்டி வெளியேற வேண்டும். அந்த எல்லையை மதிப்பவரின் நட்டம் அளவோடு நிற்கும். நடந்து முடிந்த ஏற்ற இறக்கத்தை ஒழுங்காக விவரிக்கவும், ஏற்றத்தின் கடைசிக் கட்டத்தில் எச்சரிக்கை அடையவும் அது உதவுகிறது. வரப்போகும் விலையை உறுதியாகச் சொல்லும் ஆற்றல் அதற்கு இல்லை என்பதை 1992, 2008, 2010 ஆகிய ஆண்டுகளின் இந்திய வரைபடங்களே காட்டுகின்றன. ஆகவே தறிக்கு வேண்டிய மூலதனத்தையோ வீட்டுச் சேமிப்பையோ ஓர் அலை எண்ணிக்கையின் மீது வைக்கத் தகாது.